பதினான்கு நிமிடத்துக்கு ஒரு தம்பி

பாரிஸ், 1983 ஜனவரி 12

யொலாந்த்,

உறையின் மேல் என் பெயரைப் பார்த்ததுமே நீ இதை அடுப்பில் போட்டிருக்கலாம். போடவில்லை என்றால் ஒரு பக்கமாவது படி. உன் விலாசத்தை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. போன மாதம் நம் ஸ்டுடியோ விளக்குக்காரர் புஜோலை அடக்கம் செய்தபோது நாந்திலிருந்து ஒரு மலர்வளையம் வந்திருந்தது. பூக்கடைச் சீட்டில் உன் பெயரும் தெருவும் இருந்தன. சீட்டைக் கிழித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். "திருட்டு உனக்கென்ன புதுசா" என்று நீ சொல்வது எனக்குக் கேட்கிறது.

புஜோலுக்கு எண்பத்தொன்று. கல்லறையில் நின்றுகொண்டு நான் அவர் விளக்குகளைத்தான் நினைத்தேன். அந்தச் சூட்டில் சமையல் நிகழ்ச்சிக்கு வைத்த வெண்ணெய் உருகி மேசையிலிருந்து என் மடியில் வழிந்ததே, ஞாபகம் இருக்கிறதா? நான் சிரித்துக்கொண்டே அறிவிப்பைச் சொல்லி முடித்தேன். நீ காமிராவுக்கு அடியில் ஸ்டாப்வாட்சோடு குந்தியிருந்தாய், வாயில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டு. காமிராவுக்காக உதட்டுக்குப் பூசிய கரும்பழுப்புச் சாயத்தோடு மதியம் எதிர்க்கடைக்குப் போனால் கடைக்காரர், "யார் செத்துட்டாங்க மதாம்?" என்று கேட்பார். அந்தக் காலத்தில் அவர் வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி கிடையாது. யார் வீட்டிலும்தான் கிடையாது.

பிறகு அந்தப் படங்கள். கடிதம் போட்ட நேயர் ஒவ்வொருவருக்கும் நான் கையெழுத்திட்ட என் புகைப்படம் ஒன்று பதிலாகப் போகவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. எனக்கு வாரத்துக்கு இருநூறு கையெழுத்துப் போடப் பொறுமை ஏது? நீ போட்டாய். "ஒதில்" என்று நீ எழுதினால் கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு வால் நீளும். நான் போட்டால் வால் இருக்காது. ஜனங்களுக்கு வாலுள்ளதுதான் பிடித்தது. வாலில்லாத ஒன்று லீல் நகரத்துக்குப் போய், "இது போலி" என்று திரும்பி வந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் 24 வியாழக்கிழமை நேரலையில் ஒரு நிகழ்ச்சி. என்னை உட்காரவைத்துக் கௌரவிக்கப் போகிறார்களாம். என் பழைய நாற்காலியைப் போலவே ஒன்று செய்திருக்கிறார்கள். நடத்துகிறவள் முப்பது வயதுப் பெண், கெட்டிக்காரி. வீட்டுக்கு வந்து சொன்னாள்: "மதாம், நீங்க அந்தத் தம்பி கதையை ஒருதடவை திரும்பச் சொல்லணும். அதுக்குப் பதிவே இல்லை. எங்க அம்மா இன்னிக்கும் அதைச் சொல்லிச் சொல்லி அழுவாங்க."

பதிவு இல்லை. 1954 மார்ச் 11 அன்று படச்சுருள் அறுந்து, ஒட்டிச் சரிசெய்யும்வரை நான் காமிரா முன்னால் பதினான்கு நிமிடம் பேசினேன். அதில் கடைசி எட்டு நிமிடம் என் தம்பியைப் பற்றி. நாடே அறிந்த தம்பி. எனக்குத் தம்பி கிடையாது என்பது உனக்கும் எனக்கும் என் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். அவன் உன் தம்பி, உன் ஃபிர்மேன்.

இன்னொரு தடவை அவனை என்னுடையவன் என்று சொல்ல என்னால் முடியாது. அது யாருடைய கதை என்று அன்றைக்குச் சொல்லிவிட விரும்புகிறேன். உன்னைக் கேட்காமல் சொல்லமாட்டேன். போன தடவை கேட்காமல் சொன்னதற்கான பலனை அனுபவித்துவிட்டேன்.

ஒதில்


நாந்த், ஜனவரி 20

ஒதில்,

அடுப்பில் போடவில்லை. இங்கே இப்போது மின்சார அடுப்பு.

வேண்டாம். உன்னுடையது என்றும் சொல்லாதே, என்னுடையது என்றும் சொல்லாதே. அவனைப் பற்றி வாயைத் திறக்காதே. டெலிபோனும் பண்ணாதே. உன் குரலைக் கேட்டால் பாதி பிரான்சு தன் கோபத்தை மறந்துவிடும், நானும் அந்தப் பாதியில்தான் இருக்கிறேன். எழுத்தில் உன்னைச் சமாளிக்க என்னால் முடியும்.

நான் அதை உன்னிடம் எப்போது சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா? 1952 நவம்பர், மழை, எதிர்க்கடையில் வெங்காய சூப். இரண்டு வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்த பிறகு, இவளிடம் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியது. அதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை. அதற்குப் பின்னும் இல்லை.

1940 ஜூனில் ஜெர்மன் படைக்குப் பயந்து ஊரே தெற்கே ஓடியபோது நாங்களும் ரேன்ஸிலிருந்து கிளம்பினோம். அப்பா போரில் சிறைப்பட்டிருந்தார். அம்மாவுக்குக் காய்ச்சல். எனக்குப் பதினாறு, ஃபிர்மேனுக்கு நாலரை. ஜியான் ஊரில், பாலத்துக்கு இந்தப் பக்கம், ஒரு ரொட்டிக்கடைச் சுவரோரம் அவனை உட்காரவைத்துவிட்டு அம்மாவுக்குத் தண்ணீர் தேடிப் போனேன். விமானங்கள் வந்தன. திரும்பி வந்தபோது சுவர் இருந்தது, அவன் இல்லை. எட்டு வருஷம் பத்திரிகைகளில் விளம்பரம் போட்டோம். செஞ்சிலுவைக்காரர்கள் என் முகத்தைப் பார்த்தாலே தலையை ஆட்டுவார்கள். அம்மா சாகும்வரை ஞாயிற்றுக்கிழமை மேசையில் அவனுக்கும் ஒரு தட்டு வைத்தாள். அதைக் கழுவி வைப்பது என் வேலை.

இதை எல்லாம் வைத்துக்கொண்டு நான் காமிராவுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறேன். நீ காமிராக் கண்ணாடியைப் பார்த்து, "எனக்கு ஒரு தம்பி இருந்தான்" என்கிறாய். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அள்ளி அள்ளி ஊற்றினாய். அதிலும் ஜியான் என்று சொல்லவில்லை, மூலேன் என்றாய். அவன் கையில் ஒரு துண்டு ரொட்டியைக் கொடுத்துவிட்டுப் போனேன் என்றாய். ரொட்டி எங்கிருந்து வந்தது? அவன் எங்கேயாவது உயிரோடு இருந்து, யார் வீட்டுப் பெட்டிக்கு முன்னாலாவது உட்கார்ந்திருந்தால், "இது நான் இல்லை" என்று எழுந்து போயிருப்பான். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. திருடினாய் என்பதைப் பொறுத்திருப்பேன்.

அன்றைக்கே போயிருக்கவேண்டும். என் இடத்துக்கு ஆள் கிடைக்க ஒன்பது நாள் ஆயிற்று, இருந்தேன். உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு வந்துவிட்டேன். இங்கே ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். மணி அடிக்கும் நேரம் ஒரு நாளும் தவறியதில்லை.

யொலாந்த் தெசியே


பாரிஸ், பிப்ரவரி 1

யொலாந்த்,

வாய் திறக்கமாட்டேன். நிகழ்ச்சிக்குப் போகலாமா என்பதையே இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் நீ எழுதியதற்கு நான் பதில் சொல்லவேண்டும். இத்தனை வருஷம் எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டது.

அன்றைக்கு ரீல் அறுந்தபோது இரண்டு நிமிடம் என்றார்கள். வானிலை சொன்னேன். நாளை நிகழ்ச்சிகளை இரண்டு தடவை சொன்னேன். அம்மாவின் இறைச்சிக் குழம்பைச் செய்வது எப்படி என்று சொன்னேன், உப்புப் போட மறந்து, திரும்ப வந்து உப்புப் போட்டேன். ஆறாவது நிமிடம் காலியாகிவிட்டேன். பேச்சு நின்றால் திரை கறுப்பாகும், அதுதானே நமக்கெல்லாம் நரகம். கீழே பார்த்தேன். நீ வலது கையை வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தாய். "இன்னும் பேசு, இன்னும் இழு" என்பதற்கு நம் சைகை. உன் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், உன் தம்பி என் வாய்க்குள் வந்துவிட்டான். யோசித்துச் செய்யவில்லை என்பது சமாதானம் ஆகாது, தெரியும்.

ஊர்ப் பெயரை மாற்றியது மட்டும் யோசித்துச் செய்தது. ஜியான் என்றால் புஜோலுக்கும் மற்றவர்களுக்கும் அது நீ என்று தெரிந்துவிடும் என்று பயந்தேன். உன்னை மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவனை மறைத்துவிட்டேன் என்று இப்போது உன் கடிதத்தில் படிக்கிறேன். இருபத்தொன்பது வருஷத்தில் எனக்கு இது ஒரு தடவைகூட உறைக்கவில்லை. என்னை என்ன சொல்ல.

நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. லீலில் அம்மா பக்கத்து வீட்டுக்காரர்களோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். மறுநாள் தபால் நிலையத்திலிருந்து கூப்பிட்டாள். "ஏண்டி, உனக்கு ஏதுடி தம்பி? நான் எப்படி பெத்தேன்? பக்கத்து வீட்டு லெயோனி என்னை ஒருமாதிரி பாக்குறா. 'இத்தனை வருஷம் எங்ககிட்டே மறைச்சிட்டீங்களே'ன்னு துக்கம் விசாரிக்க கேக்கோடு வந்து நிக்கிறா. நான் அழறதா சிரிக்கிறதா?" அம்மா அழுதிருக்கிறாள். அழுது கேக்கையும் சாப்பிட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை.

மேலிடத்தில் கூப்பிட்டு, இந்த மாதிரி வாரம் ஒருவரை உட்காரவைத்துப் பேசவைத்தால் என்ன என்று கேட்டார்கள். அப்படித்தான் "காலி நாற்காலி" வந்தது. அதுவரை எங்கள் கட்டடத்தில் தயாரிப்பாளர் என்று ஒரு பெண்ணின் பெயர் திரையில் ஓடியதில்லை. பதினான்கு வருஷம் நடத்தினேன். சலவைக்காரி வந்தாள், சுரங்கத் தொழிலாளி வந்தார், ஒரு மணியடிப்பவர் வந்து ஒன்றுமே பேசாமல் அழுதுவிட்டுப் போனார். அவர்கள் எல்லோரும் ஏன் என்னிடம் சொன்னார்கள் தெரியுமா? "உங்களுக்கும் ஒரு நஷ்டம் உண்டே மதாம்" என்பார்கள். ஒவ்வொரு வாரமும் அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அறுபத்தெட்டு வேலைநிறுத்தத்தில் நின்றதற்கு வீட்டுக்கு அனுப்பினார்கள். அழுதேன்தான், ஆனால் நாற்காலி போனதில் கொஞ்சம் மூச்சு வந்தது. ஐந்து வருஷம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டபோது தோட்டக்கலை நிகழ்ச்சி கேட்டு வாங்கிக்கொண்டேன். ரோஜாச்செடி யாருக்கும் தம்பியை நினைவூட்டுவதில்லை.

அந்த நாட்களை நினைக்காத நாள் இல்லை, யொலாந்த். புகழை அல்ல. அந்த நிலவறை ஸ்டுடியோவும், பூனை குறுக்கே போனதும், நீயும் நானும் ஒரே மேலங்கியை மாறி மாறிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்ததும்தான்.

ஒதில்


நாந்த், பிப்ரவரி 7

ஒதில்,

மேலங்கி என்னுடையது. நீ மாறி மாறிப் போட்டுக்கொண்டாய்.

ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுது. அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு சாக்குமூட்டையில் தபால் வந்தது. நான் இருந்த ஒன்பது நாளும் பார்த்தேன். ஒரு கடிதத்தையும் படிக்கவில்லை, எனக்கு மனசில்லை. அதில் யாராவது "நான்தான் அந்தத் தம்பி" என்று எழுதினார்களா? அந்தக் கடிதங்கள் எங்கே?

யொலாந்த்


பாரிஸ், பிப்ரவரி 19

யொலாந்த்,

என்னிடம்தான் இருக்கின்றன. ஆறு பெட்டிகள், ஆறாவது மாடியில் சாமான் அறையில். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி, பத்து நாளாக அங்கேயே உட்கார்ந்து படித்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, இவற்றில் முக்கால்வாசியை இப்போதுதான் முதல்முறையாகப் படிக்கிறேன். அப்போது தபால் அறையில் பிரிப்பார்கள், உறையில் நீல பென்சிலால் ஒரு குறி போடுவார்கள், படம் போகும், கடிதம் பெட்டிக்குள் போகும்.

எனக்குக் காலுறை பின்னி அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். என்னைக் கல்யாணம் செய்துகொள்ள நாலு பேர், அதில் ஒருவர் குதிரை லாயத்தோடு. "குழம்பில் உப்பை முதலில் போடவேண்டும்" என்று மூன்று பக்கம் எழுதிய ஒரு கன்னிகாஸ்திரீ.

"நான்தான் உங்கள் தம்பி" என்று பதினோரு பேர் எழுதியிருக்கிறார்கள். பத்துப் பேருக்கு மூலேன் பாலம் ஞாபகம் இருக்கிறது. அந்த ரொட்டித் துண்டின் ருசிகூட ஞாபகம் இருக்கிறது. நான் இட்டுக்கட்டிய ரொட்டியை அவர்கள் சாப்பிட்டிருக்கிறார்கள் பாவம். எல்லோருக்கும் அக்கா வேண்டியிருந்திருக்கிறது.

பதினோராவது கடிதம் மட்டும் என் பேச்சை மறுக்கிறது. அதனாலேயே அதை மூன்று தடவை படித்தேன். தேதி 1954 மார்ச் 13. ஷாத்தோ-தியெரிக்குப் பக்கத்துக் கிராமம். அப்படியே எழுதுகிறேன்:

"மதாம், எங்கள் ஊரில் எல்லோரும் சேர்ந்து ஒரு பெட்டி வாங்கிப் பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கிறார்கள். வியாழக்கிழமை உங்களைப் பார்த்தேன். எனக்குப் பத்தொன்பது வயது என்கிறார்கள். என்னை வளர்த்தவர்கள் நாற்பதில் தெற்கே போய்த் திரும்பி வரும்போது என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அவர்களுடைய மகன் இறந்துபோயிருந்தான். அவன் பெயரையே எனக்கு வைத்தார்கள். அதற்கு முன்னால் எனக்கு வேறு ஒரு பெயர் இருந்தது, ஞாபகத்துக்கு வரமாட்டேன் என்கிறது. ஊரின் பெயரும் தெரியாது. நீங்கள் சொன்னதில் ஒன்று தப்பு. நீங்கள் என் கையில் ரொட்டி கொடுக்கவில்லை. காப்பிக்கொட்டை அரைக்கிற கைமெஷினைக் கொடுத்தீர்கள். 'இதைச் சுத்திக்கிட்டே இரு, நூறு சுத்து முடியறதுக்குள்ளே வந்துடுவேன்' என்றீர்கள். மெஷின் என்னிடம் இருக்கிறது. நீங்கள் மறந்திருக்கலாம். நீங்கள் என் அக்காவா? லூசியான் ப்ராத்."

எனக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது. நீ எனக்குச் சொன்னதில் காப்பிமெஷின் இல்லை. பைத்தியக்காரனாகவும் இருக்கலாம். டெலிபோன் புத்தகத்தில் பார்த்தேன். அதே ஊரில் அதே பெயர் இன்னும் இருக்கிறது. மூலக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். நீதான் சொல்லவேண்டும்.

ஒதில்


நாந்த், பிப்ரவரி 23

ஒதில்,

காப்பிமெஷினைப் பற்றி நான் உன்னிடம் சொல்லவில்லை. அம்மாவிடமே சொல்லவில்லை. ஓட்டத்தில் தொலைந்தது என்று சொல்லிவிட்டேன். அது அவளுடைய கல்யாணச் சீர்.

எல்லாவற்றையும் உன்னிடம் சொன்னபோதும் அதை மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. அவன் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றான். தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். அவன் கனம், எனக்குக் கை வலித்தது. அதனால் அவனை ஏமாற்றி உட்காரவைத்தேன். நூறு என்று சொன்னது நான்தான். இதை இந்த உலகத்தில் இரண்டு பேர்தான் அறிவார்கள்.

சனிக்கிழமை ரயிலுக்குச் சீட்டு வாங்கிவிட்டேன். யாரிடமும் சொல்லாதே. உன் நிகழ்ச்சிக்காரியிடம் நிச்சயமாகச் சொல்லாதே.

அவசரத்தில் எழுதுகிறேன். இதைப் படிக்க முடிகிறதா தெரியவில்லை.

யொலாந்த்


பாரிஸ், மார்ச் 9

யொலாந்த்,

இரண்டு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. தபால்காரர் படியேறும் சத்தம் கேட்டால் நான் முன்னாலேயே கதவைத் திறந்து நிற்கிறேன். "மதாம், யாராவது பையனை எதிர்பாக்குறீங்களா?" என்று கேலி செய்கிறார்.

அவன் இல்லையா? இருந்து, உன்னைப் பார்க்க மறுத்துவிட்டானா? எதுவானாலும் எழுது.

ஒத்திகைக்குப் போனேன். புது நாற்காலி பழையதைவிட அகலம். அங்கே உட்கார்ந்திருந்தபோது ஒன்று உறைத்தது. அந்தப் பையனின் உறையில் நீல பென்சில் குறி இருக்கிறது. அப்படியென்றால் அவனுக்குப் பதில் போயிருக்கிறது. நாம் வேறு பதில் அனுப்பியதே இல்லையே. "நீங்கள் என் அக்காவா" என்று கேட்டவனுக்கு என் சிரித்த முகம் போயிருக்கிறது.

மற்றதற்கு எல்லாம் மன்னிப்புக் கேட்பேன். இதற்குக் கேட்கமாட்டேன், நீயும் கொடுக்காதே. நிகழ்ச்சிக்கு வரவில்லை என்று நாளைக்குச் சொல்லிவிடப் போகிறேன்.

ஒதில்


ஷாத்தோ-தியெரி, மார்ச் 15

ஒதில்,

உன் கடிதத்தைப் பக்கத்து வீட்டுக்காரி எனக்கு இங்கே அனுப்பிவைத்தாள். இன்னும் இங்கேதான் இருக்கிறேன். வரும் வழியில் பாரிசில் ரயில் மாறினேன். உன் தெருவுக்கு இரண்டு நிறுத்தம்தான். கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் அழுது அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

டிராக்டர் பழுது பார்க்கும் பட்டறை. வாசலில் ஒரு பெண் முட்டைக்கோசு நறுக்கிக்கொண்டிருந்தாள், அவன் மனைவி ஸெலின். "அவரு வண்டிக்கு அடியில் படுத்திருக்காரு, காலைத் தட்டுங்க" என்றாள். காலைத் தட்டினேன். வெளியே வந்தான். அப்பாவின் காதுகள், ஒதில். அப்பாவுடைய அதே காது இரண்டும் ஒரு கிரீஸ் பூசிய மொட்டைத் தலையில் ஒட்டியிருந்தன.

நான் வழியெல்லாம் பேச்சு தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். ஒரு வார்த்தை வரவில்லை. உன்னைப்போல எனக்கு எப்போது வந்தது? அவன், "எந்த வண்டி மதாம்? என்ன கோளாறு?" என்று கேட்டான். அப்போது என் வலது கை தானாகச் சுற்ற ஆரம்பித்தது. நீ சொன்னாயே, அந்தச் சைகை. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கையைத் துணியில் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான். உள்ளே போய் மெஷினை எடுத்து வந்து என் முன்னால் வைத்தான். கைப்பிடி தேய்ந்திருந்தது.

"நூறு சுத்தச் சொன்னேன்" என்றேன்.

"அப்போ எனக்கு இருபது வரைக்கும்தான் எண்ணத் தெரியும்" என்றான். "இருபது ஆச்சுன்னா மறுபடி ஒண்ணுலேருந்து. எத்தனை இருபது சேர்ந்தா நூறுன்னு தெரியலை. அதான் நிறுத்தலை. வண்டியிலே தூக்கிப் போட்டப்பவும் சுத்திக்கிட்டுதான் இருந்தேனாம். 'அந்தச் சனியனை நிறுத்துடா'ன்னு திட்டினாங்களாம்."

நாற்பத்தேழு வயது ஆள் இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறான். ஸெலின்தான் அழுதாள். பெயரைச் சொன்னேன். "ஃபிர்மேன்" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான். "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஊரிலே எல்லாரும் லூசியான்னுதான் கூப்பிடுவாங்க. நீங்க வேணும்னா அப்படிக் கூப்பிடுங்க" என்றான். இன்னும் "நீங்க" என்றுதான் சொல்கிறான். ஞாயிற்றுக்கிழமை தட்டு வைக்கும்போது ஸெலின் என்னை உட்காரச் சொன்னாள், நான் எழுந்துபோய் அவன் தட்டை நானே வைத்தேன். எங்கள் ரேன்ஸ் வீட்டிலிருந்து இந்த மேசை அறுபது கிலோமீட்டர். அம்மா பஸ்ஸிலேயே வந்திருக்கலாம்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். படம் போயிற்று. சமையலறையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறான். வெண்ணெய் வழிந்த அதே கவுன், அதே சிரிப்பு. அவனைக் கேட்டேன், "இது வந்தப்போ உனக்கு எப்படி இருந்துச்சு?" கொஞ்சம் யோசித்துச் சொன்னான். "அக்கா இல்லைன்னா 'இல்லை'ன்னு எழுதியிருப்பாங்க. ஒண்ணும் எழுதாம கையெழுத்து மட்டும் போட்டிருந்தாங்க. சரி, அக்காதான், ஆனா என்னை வேணாம்ங்கிறாங்கன்னு எடுத்துக்கிட்டேன். அதுக்கப்புறம் எழுதலை. ஆனா நாற்காலி நிகழ்ச்சியை ஒரு வாரம்கூட விடாம பார்த்தேன். நல்லாத்தான் நடத்தினாங்க."

எழுந்துபோய்ச் சட்டத்தைக் கழற்றி ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். கடைசி எழுத்துக்குக் கீழே வால் இருக்கிறது, ஒதில்.

அந்த ஒன்பது நாளில் நானூறு படத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். உன்மேல் இருந்த கோபத்தில் தலை நிமிராமல் போட்டேன். ஒவ்வொரு படத்தோடும் கடிதம் பின்குத்தி வந்தது. ஒன்றைக்கூடத் திருப்பிப் பார்க்கமாட்டேன் என்று வீம்பு. என் தம்பி எழுதிய கடிதம் என் முழங்கைக்குக் கீழே கிடந்திருக்கிறது. நீ திருடிய கதைக்கு அவன் பதில் எழுதினான். அவனுக்கு உன் பெயரில் மறுத்து அனுப்பியது நான். இருபத்தொன்பது வருஷம் உன்னைத் திட்டினேனே, அதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மீதிப் பாதி உன்னிடமே இருக்கட்டும்.

அவனிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். படத்தை வாங்கிப் பார்த்தான். "அப்போ அக்கா கையெழுத்துதான் இத்தனை நாளா என் சமையலறையிலே இருந்துச்சு" என்றான். துடைத்து அதே ஆணியில் மாட்டினான்.

நீ நிகழ்ச்சிக்குப் போ. வரமாட்டேன் என்று சொல்லியிருந்தால் மாற்றிச் சொல். அந்த அகல நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல். என் பெயர், அவன் பெயர் இரண்டும், காப்பிமெஷின், கையெழுத்து யார் போட்டது என்பதுவரை. அந்தப் பத்துப் பேரில் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கும் ஒரு நல்ல வார்த்தை சொல். வியாழக்கிழமை நாங்கள் மூன்று பேரும் பெட்டிக்கு முன்னால் இருப்போம். ஸெலின் ஊரையே கூப்பிட்டிருக்கிறாள், நாற்காலி போதாது என்று பள்ளிக்கூடத்துப் பெஞ்சு வருகிறது. உனக்குப் பேச்சு நின்றுபோனால் கவலைப்படாதே, நான் இங்கே கையைச் சுற்றிக்கொண்டிருப்பேன்.

பாலம் இருப்பது ஜியானில். இந்தத் தடவையாவது சரியாகச் சொல்.

யொலாந்த்